பீரோவில் கிடக்கும் கேமராவுக்கு எந்த செல்? – ஒரு நிகழ்வு ஆய்வு

கேமரா, நிக்கான் கூல்பிக்ஸ் எல்830. 2014 தொடக்கத்தில் வந்த மாடல். 16 மெகாபிக்சல், 34 மடங்கு ஜூம், நாலு டபுள் ஏ செல்லில் ஓடும். வைத்திருப்பது நாங்குநேரிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியின் இயற்கை மன்றம். பழைய மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. கூந்தன்குளத்திலும் சுற்றியுள்ள குளங்களிலும் பறவைகளைப் படம் எடுப்பதுதான் அதன் ஒரே வேலை. டிசம்பரில் வெளிவரும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது ஓய்வே இருக்காது. மார்ச்சுக்குப் பிறகு தேர்வு, விடுமுறை என்று பீரோவுக்குள் போய்விடும். புகார் ஒரே வரிதான்: "கேமரா செல்லைத் தின்னுது."

மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் அறிவியல் டீச்சர் கேட்டதும் ஒரே கேள்வி. "சார், இப்ப இருக்கறது 3800. அதைவிடப் பெரிசா எந்தக் கம்பெனியில வருது?" 3800 என்பது செல்லின் மேல் அச்சிட்ட கொள்ளளவு; எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர்-மணிக் கணக்கில். சாமான்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் கேமரா, செல், சார்ஜர் மூன்றும் என் மேசைக்கு வந்தன. அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லியிருந்தால் பள்ளிக்கு இன்னொரு முறை பணம் வீணாகியிருக்கும். ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.

புகார் வளர்ந்த கதை

கேமரா வந்த புதிதில் பெட்டியோடு இருந்த ஆல்கலைன் செல்லில் ஓடியது. அது தீர்ந்ததும், முக்குக்கடை அண்ணாச்சியிடம் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் செல் நாலு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே வந்தது; அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போகவும் மின்சாரம் இல்லை. கேமரா கெட்டுவிட்டதென்று பதறிப்போய், வேறு செல் போட்டபிறகுதான் லென்ஸ் உள்ளே போனதாம். கடிகாரச் செல் துத்தநாக-கார்பன் வகை. மாதக்கணக்கில் துளித்துளியாகக் கொடுக்கச் செய்யப்பட்டது. ஜூம் மோட்டாரை ஓட்ட அதனால் ஆகாது.

அடுத்து நல்ல ஆல்கலைன். அது வேலை செய்தது. ஆனால் நாலு செல்லுக்கு 150, 200 ரூபாய். ஒரு காலை முழுக்கச் சுற்றினால் ஒரு செட் போய்விடும். மன்றத்துக்கு வரும் பணத்தில் இது தாங்காது. அதனால் யாரோ சொல்லக் கேட்டு, சார்ஜரும் நாலு செல்லும் சேர்த்து ஒரே அட்டையில் வரும் ஒரு பேக் வாங்கினார்கள். கேள்விப்படாத பிராண்டு. செல்லின் மேல் 3800 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் அச்சு. முதல் மாதம் சுமார். பிறகு நாற்பது, ஐம்பது படத்துக்கே "பேட்டரி தீர்ந்தது" என்று திரையில் வரத் தொடங்கியது.

நிக்கானே இந்த மாடலுக்குச் சொல்லும் கணக்கைப் பாருங்கள். ஆல்கலைன் போட்டால் சுமார் 390 படம். நிக்கான் விற்கும் ரீசார்ஜ் செல் போட்டால் 680. ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டபுள் ஏ போட்டால் 1,180. இவை சிபா என்ற ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த முறைப்படி எடுத்த எண்ணிக்கை. 30 விநாடிக்கு ஒரு படம், ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ், ஒவ்வொரு படத்துக்கும் ஜூம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்வது என்று விதி.

குளக்கரையில் நடப்பது வேறு. எல்830ல் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. பறவையைத் தேடுவதும் பின்திரையில்தான், காத்திருப்பதும் பின்திரையில்தான். பட்டைத்தலை வாத்து தலையைத் தூக்கும் வரை பையன் திரையை அணைக்காமல் நிற்பான். படம் ஒன்றுதான், ஆனால் திரை ஐந்து நிமிடம் எரிந்திருக்கும். ஆகவே 680 என்பதை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக ஐம்பதும் நியாயமில்லை.

மேசையில் பார்த்தது

முதலில் எடை. என்னிடம் நன்றாக ஓடும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் (ரீசார்ஜ் செய்யும் வகை) ஒன்று இருந்தது, 2000 எம்ஏஎச் வகை. அதையும் பள்ளியின் 3800ஐயும் கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. பஜாரில் தெரிந்த அடகுக்கடைக்காரர் தராசைக் கொடுத்தார். என்னுடையது 26 கிராம் சொச்சம். 3800 என்று போட்டது 19 கிராம். டபுள் ஏ கூட்டுக்குள் இவ்வளவு மின்சாரத்தை அடைக்க வேண்டுமென்றால் அதற்கான உலோகம் உள்ளே இருந்தாக வேண்டும். எடை பொய் சொல்லாது. இன்றைக்கு நிஜமாகக் கிடைக்கும் டபுள் ஏ நிக்கல் செல்களில் பெரியவையே 2500லிருந்து 2800 வரைதான். அவை 30 கிராம் ஒட்டி எடை இருக்கும். 3000க்கு மேல் அச்சிட்ட நிக்கல் டபுள் ஏ எதையும் நான் கையால் தொடுவதில்லை.

பிறகு, அளந்து காட்டும் சார்ஜரில் போட்டு, முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிப் பார்த்தேன். மூன்று செல் 1000க்கும் 1100க்கும் நடுவில் நின்றன. நாலாவது 600ஐத் தாண்டவில்லை.

இந்த நாலாவதுதான் முக்கியம். கேமராவுக்குள் நாலு செல்லும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடரில் இருக்கின்றன. நாலிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். எது முதலில் தீர்கிறதோ அது கேமராவையே நிறுத்திவிடும். மற்ற மூன்றில் என்ன மிச்சமிருந்தாலும் பயனில்லை. இன்னும் மோசம், மற்ற மூன்றும் தள்ளுகிற மின்னோட்டம் தீர்ந்துபோன செல்லைத் தலைகீழாகவே திருப்பிவிடலாம். பிளஸ் மைனஸாகும். அப்படி ஒருமுறை ஆன செல் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தீரும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் கெட்ட செல்லை நீங்களே பிடித்துவிடலாம். ஆனால் வெறுமனே வோல்ட் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சார்ஜ் செய்து கொஞ்ச நேரம் ஆறவிட்ட பிறகு நாலும் 1.24லிருந்து 1.28க்குள் காட்டின. ரேடியோ ஸ்பேர் கடையில் 2.2 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செல்லின் இரு முனையிலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே வோல்ட் பாருங்கள். அரை ஆம்பியருக்கு மேல் ஓடும். நல்ல செல் 1.28லிருந்து 1.25க்கு இறங்கி அங்கேயே நின்றது. நாலாவது 1.24லிருந்து 0.95க்கு விழுந்தது. அந்த வீழ்ச்சிக்குக் காரணம் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் தடை. ரெசிஸ்டர் சூடாகும், சில விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

உள்தடை என்ற இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், 1.5 வோல்ட் ஆல்கலைனைவிட 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் ஏன் கேமராவில் அதிகப் படம் தருகிறது என்பதும் புரிந்துவிடும். ஆல்கலைன் பெரிய குடம், ஆனால் வாய் சின்னது. மெதுவாகச் சாய்த்தால் எல்லாம் வரும். அவசரமாகக் கவிழ்த்தால் வராது. புது ஆல்கலைனின் உள்தடை 150லிருந்து 300 மில்லி ஓம் வரை இருக்கும். நல்ல நிக்கல் செல்லில் அது 20, 30தான். ஓர் ஆம்பியர் இழுத்தால் நாலு ஆல்கலைனில் மட்டும் 0.6லிருந்து 1.2 வோல்ட் வரை உள்ளேயே சூடாக வீணாகிறது. கேமராவுக்கோ ஒரே அளவு சக்தி வேண்டும். வோல்ட் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். கூட்டி இழுக்க, வோல்ட் இன்னும் விழும். ஆல்கலைன் போட்ட கேமரா திடீரென்று அணைவதும், கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தால் ரெண்டு படம் எடுப்பதும் இதனால்தான்.

அடுத்து கேமராவின் செட்டப் மெனு. எல்830ல் பேட்டரி வகை என்று ஓர் அமைப்பு உண்டு: ஆல்கலைன், கூல்பிக்ஸ் நிக்கல், லித்தியம். கம்பெனியிலிருந்து வரும்போது ஆல்கலைனில் இருக்கும். பள்ளிக் கேமரா இன்றுவரை அதிலேயே இருந்தது. ஆல்கலைன் 1.5லிருந்து சரிந்துகொண்டே வரும். நிக்கல் செல்லோ பெரும்பாலான நேரம் 1.2 பக்கத்திலேயே நின்றுவிட்டுக் கடைசியில் திடுதிப்பென்று விழும். ஆல்கலைன் என்று நம்பிக்கொண்டிருக்கும் கேமரா 1.2ஐப் பார்த்ததும் "இது கடைசிக் கட்டம்" என்று முடிவு கட்டிவிடும். செல்லில் சரக்கு இருக்கும்போதே எச்சரிக்கை வரும். இந்த அமைப்பை மாற்ற ஒரு பைசா செலவில்லை. நிக்கானின் செல் போடாவிட்டாலும், எந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கும் அந்த நடு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

கடைசியாக, செல் போடும் அறையில் ஒரு ஸ்பிரிங்கின் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஏதோ ஒரு கோடை விடுமுறைக்கு ஆல்கலைனை உள்ளேயே விட்டுவிட்டிருக்கிறார்கள், கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்தேன். ஆல்கலைன் கசிவு காரம் என்பதால் புளிப்பு அதைக் கரைக்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு உலர்த்தினால் சரி.

மெயின் சுவிட்ச்

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஒன்று உறுத்தியது. செல் மட்டம்தான், ஒன்று நோஞ்சான், மெனு தவறு. சரி. ஆனாலும் முதல் மாதத்திலேயே இவ்வளவு குறைவாக ஏன் ஓட வேண்டும்? டீச்சரிடம் எப்படிச் சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டேன். "முந்தின நாளே லேப்ல போட்டுருவேன் சார். ராத்திரி முழுக்க இருக்கும். காலையில வந்து எடுப்பேன்."

சார்ஜரின் பின்பக்கத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன். வெளியீடு 2.4 வோல்ட், 120 மில்லி ஆம்பியர், இரண்டு வரிசை. அதாவது செல்களை ஜோடி ஜோடியாகத்தான் ஏற்றும். முழுதானால் நிறுத்தும் அறிவு அதற்கு இல்லை. சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எரியும், அவ்வளவுதான். செல் முழுதா, காலியா, எதையும் அது சொல்லாது.

பள்ளிக்கு நேரில் போனபோது விடை தானாக வந்தது. சாயங்காலம் நாலரைக்கு வாட்ச்மேன் வகுப்புகளைப் பூட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக மெயின் சுவிட்சை இறக்கினார். ஒரு தடவை மின்கசிவு ஏற்பட்டதிலிருந்து தலைமையாசிரியர் போட்ட உத்தரவாம். காலையில் ஒன்பதரைக்கு டீச்சர் வருவதற்குள் அவரே மெயினைப் போட்டுவிடுவார். டீச்சர் பார்க்கும்போது விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும்.

கணக்கு எளிது. காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரை 7 மணி நேரம். 120ஐ 7ஆல் பெருக்கினால் 840. மெதுவாக ஏற்றும்போது போட்டதெல்லாம் உள்ளே தங்காது. ஒரு பங்கு தங்க ஒன்றரைப் பங்கு போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக உள்ளே நின்றது 550, 600 எம்ஏஎச். 3800 என்று நம்பிய செல்லில் அறுநூறு. அதையும் ஆல்கலைன் என்று நினைத்துக்கொண்டு பாதியிலேயே கேமரா கைவிட்டிருக்கிறது. நிஜமான 2000 எம்ஏஎச் செல்லை வாங்கி இதே சார்ஜரில் போட்டிருந்தாலும் நிரம்ப 25 மணி நேரம் ஆகும். அந்தப் பள்ளியின் கரண்ட் நேரப்படி அது மூன்று நாளுக்கு மேல். எந்தக் கம்பெனி செல் வாங்கினாலும் புகார் அப்படியே இருந்திருக்கும்.

செல்லைத் தேர்ந்தெடுத்தது

இப்போதுதான் டீச்சரின் கேள்விக்கு வர முடியும். இந்தக் கேமராவின் பிழைப்பு எப்படி? கொஞ்ச நாள் கடும் வேலை, பிறகு நீண்ட தூக்கம். இதற்கு வேண்டியது பெரிய எண் அல்ல, சும்மா கிடக்கும்போது கரையாத செல்.

பழைய வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் இதுதான் பெரிய குறை. முழுக்க ஏற்றி வைத்தாலும் ஒரு மாதத்தில் நாலில் ஒரு பங்கு தானாகவே போய்விடுவது சாதாரணம். வெயில் காலத்தில் இன்னும் வேகம். சான்யோ நிறுவனம் 2005 நவம்பரில் ஜப்பானில் எனலூப் என்ற செல்லை இறக்கியபோது சொன்ன முக்கியமான விஷயமே, ஒரு வருடம் கழித்தும் 85 சதவீதம் இருக்கும் என்பதுதான். கொள்ளளவு 2000தான், அப்போது சந்தையில் 2500 இருந்தும். தெரிந்தே எண்ணைக் குறைத்துக்கொண்டு தாங்கும் சக்தியைக் கூட்டினார்கள். 2013ல் வந்த தலைமுறைக்குப் பத்து வருடத்துக்குப் பிறகு 70 சதவீதம், 2,100 முறை சார்ஜ் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பத்து வருடக் கணக்கு 20 டிகிரி வெப்பத்தில். நாங்குநேரி ஏப்ரலில் இரும்பு பீரோவுக்குள் 20 டிகிரிக்கு எங்கே போவது? ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனாலும் பழைய வகைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி பெரியதுதான்.

இந்த செல்லின் வரலாற்றில் ஒரு கிளைக்கதை உண்டு. 2009 கடைசியில் பானாசோனிக் சான்யோவை வாங்கியபோது, இரண்டும் சேர்ந்தால் நிக்கல் செல் சந்தையில் போட்டியே இருக்காது என்று பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் நிபந்தனை போட்டன. எனலூப் தயாரித்த தகாசாகி ஆலை எஃப்டிகே என்ற வேறு நிறுவனத்துக்குப் போனது. பெயர் பானாசோனிக்கிடம் நின்றது. பல பெயர்களில் விற்ற நல்ல ஜப்பானிய செல்கள் ஒரே ஆலையிலிருந்து வந்ததற்குக் காரணம் இதுதான். பெயரைவிட வகை முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன். பாக்கெட்டில் "பயன்படுத்தத் தயார்", "முன்பே சார்ஜ் செய்யப்பட்டது" என்ற பொருளில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும்போது சார்ஜ் குறைவாகக் கரையும் வகை. 1900லிருந்து 2100க்குள் இருந்தால் இன்னும் நம்பலாம்.

எனலூப்பிலேயே 2500 எம்ஏஎச் புரோ வகை வேண்டாமா என்று கேட்டார்கள். அதுவும் சார்ஜ் குறைவாகக் கரையும் வகைதான், ஒரு வருடத்துக்கு 85 சதவீதம். ஆனால் ஆயுள் 500 சார்ஜ், விலையும் அதிகம். கல்யாண போட்டோகிராஃபரின் ஃபிளாஷுக்கு நான் அதைச் சொல்வேன். தினமும் அடிப்பார், தினமும் ஏற்றுவார், ஃபிளாஷ் ஊறும் வேகம் அவருக்குக் காசு. பள்ளிக்கு அது தேவையில்லை. அதே பணத்தில் சாதா வகை இரண்டு செட் வாங்கினால் ஒன்று கேமராவில், ஒன்று பையில். இந்த யோசனைதான் கடைசியில் நின்றது.

ஆன்லைனில் தேடும்போது மாணவர்கள் இன்னும் சிலவற்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 14500 என்று எண் போட்ட லித்தியம் அயான் செல் டபுள் ஏ அளவிலேயே இருக்கும், கேமராவுக்குள் அழகாக உட்காரும். ஆனால் அது ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. நாலு போட்டால் 16 வோல்ட்டுக்கு மேல். ஆறு வோல்ட்டுக்குச் செய்த கேமரா கருகிவிடும். டார்ச் லைட்டுக்கான செல் அது. எக்காரணத்தைக் கொண்டும் போடக்கூடாது.

நிக்கல் துத்தநாக வகையும் கிட்டத்தட்ட அதே மாதிரி வம்பு. முழு சார்ஜில் ஒன்று 1.8 வோல்ட்டைத் தாண்டும், ஆயுளும் குறைவு. உள்ளேயே சுற்று வைத்து 1.5 வோல்ட் கொடுக்கும் லித்தியம் டபுள் ஏ இப்போது நிறைய வருகிறது. ரிமோட்டுக்கும் பொம்மைக்கும் நல்லது. கேமராவில் அதன் குணம் எனக்குப் பிடிக்காது: கடைசிவரை 1.5 காட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரே நொடியில் அணையும். கேமராவின் பேட்டரி அளவுக்கோடு முழுதாகக் காட்டிக்கொண்டே இருக்கும், லென்ஸ் வெளியே நீண்டிருக்கும்போது நின்றுவிடும். அதற்கான தனி சார்ஜரும் வேண்டும். நிக்கல் சார்ஜரில் போடக்கூடாது. நிக்கானின் கணக்கில் 1,180 படம் தந்த லித்தியம் செல் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது. எடை குறைவு, கடுங்குளிரிலும் ஓடும். லடாக் போகிறவர் வாங்கலாம். கூந்தன்குளத்துக்கு வேண்டாம்.

சார்ஜர்

இந்தச் செலவில் எனக்குச் சண்டை போட வேண்டியிருந்தது. செல்லுக்குப் பணம் கொடுக்கச் சம்மதித்த பெற்றோர் ஆசிரியர் கழகம், "சார்ஜர்தான் ஏற்கெனவே இருக்கே" என்றது. மெயின் சுவிட்ச் கணக்கை எழுதிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

கேட்டது இரண்டே குணம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முழுதானதும் தானே நிறுத்த வேண்டும். நாலு செல்லுக்கு நாலு விளக்கு இருந்தால் தனித்தனி என்று பெரும்பாலும் நம்பலாம். ஒரே ஒரு செல்லை மட்டும் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜோடி சார்ஜரில் ஒற்றை செல் ஏறாது. நிறுத்துவது எப்படி என்றால், நிக்கல் செல் நிரம்பியதும் அதன் வோல்ட் ஏறுவது நின்று, ஐந்து, பத்து மில்லி வோல்ட் இறங்கும். சூடும் ஏறும். நல்ல சார்ஜர் அந்தச் சின்ன இறக்கத்தைப் பிடித்து நிறுத்தும். மிக மெதுவாக ஏற்றினால் இந்த இறக்கம் தெளிவாகத் தெரியாது. அதனால் "மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது" என்பது இந்த வகை சார்ஜருக்குப் பொருந்தாது. 2000 எம்ஏஎச் செல்லுக்கு 500லிருந்து 1000 மில்லி ஆம்பியர் சரியான அளவு. 500ல் போட்டால் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். முதல் மணியில் போட்டால் பள்ளி விடுவதற்குள் பச்சை விளக்கு வந்துவிடும். மெயினை அணைத்தாலும் கவலையில்லை.

வைக்கும் இடத்தையும் மாற்றச் சொன்னேன். லேப்பில் ஜன்னலை ஒட்டி, மதிய வெயில் விழும் பலகையில் வைத்திருந்தார்கள். 40 டிகிரிக்கு மேல் நிக்கல் செல் சரியாக ஏறாது. இப்போது ஆசிரியர் அறையில் ஃபேனுக்குக் கீழே. சார்ஜ் முடியும் நேரத்தில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால்தான் கோளாறு.

எட்டு செல், ஒரு சார்ஜர், எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் ஒட்டி வந்தது. ஆல்கலைன் கணக்கில் இருபது செட் விலை.

பிறகு

பொங்கல் கணக்கெடுப்பில் காலை ஆறரை மணிக்குக் கரைக்குப் போன கேமரா வெயில் ஏறி எல்லோரும் கிளம்பும்வரை முதல் செட்டிலேயே ஓடியது. இருநூற்றுச் சொச்சம் படம், அதில் பாதி கலங்கல். அது செல்லின் குற்றமில்லை, 34 மடங்கு ஜூமைக் கையில் பிடித்ததின் குற்றம். இரண்டாம் செட் பையிலேயே இருந்தது.

கோளாறு ஒன்று வந்தது, சீக்கிரமே. இரண்டு செட்டையும் ஒரு பையன் கலந்துவிட்டான். இரண்டு புதுசு ஏற்றியது, இரண்டு பாதி தீர்ந்தது என்று உள்ளே போக, கேமரா சீக்கிரம் நின்றது. பழைய புகார் உடனே எழுந்தது. பிறகு ஒரு செட்டுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி, இன்னொன்றுக்கு நீலம். நாலும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும், ஒன்றாகவே இருக்கும். நாலில் ஒன்று வீக்கானால் அதை மட்டும் மாற்றாமல் செட்டையே பிரித்து, நல்லவற்றை வேறு வேலைக்குக் கொடுத்துவிட வேண்டும். மார்ச்சில் பீரோவுக்குப் போகும்போது கேமராவிலிருந்து செல்லை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். சில்லறையோடும் சாவியோடும் கிடந்தால் முனைகள் இடித்து ஷார்ட்டாகும். நிக்கல் செல்லும் அப்போது நெருப்பாகச் சுடும். சேமித்து வைப்பதற்கு முன் முழுக்கத் தீர்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம். அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம்.

பழைய நாலு செல்லில் சுமாரான மூன்றும் லேப் கடிகாரத்துக்கும் வயர்லெஸ் மவுசுக்கும் போயின. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி எல்லா வகை பேட்டரியையும் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. நாங்குநேரியில் அந்தத் தயாரிப்பாளரை எங்கே போய்த் தேடுவது என்பது தனிக் கதை. நாலாவது செல் ஒரு டப்பாவில் மின்கழிவு சேகரிப்புக்காகக் காத்திருக்கிறது.

கேமரா கொடுத்த பழைய மாணவர் விஷயம் கேள்விப்பட்டு, "புதுசு ஒன்று வாங்கித் தரவா, அதற்கு எந்த செல்?" என்று போனில் கேட்டார். இதே வரிசையில் 2016ல் வந்த பி500 வரை நிக்கான் டபுள் ஏ போட்டது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் அந்தந்தக் கேமராவுக்கென்றே செய்த லித்தியம் அயான் பேக்தான். அங்கே வகையைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை; கேமராவை வாங்கும்போதே பேக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். சோனியில் என்பி-எஃப்டபிள்யூ50 பேக் 1,020 எம்ஏஎச், என்பி-எஃப்இசட்100 பேக் 2,280. இரண்டில் எது போடும் கேமரா என்று பார்த்து வாங்குவதே பாதி முடிவு. இரண்டாவது பேக்கை முடிந்தால் கேமரா கம்பெனியுடையதாகவே வாங்கச் சொன்னேன். வேறு கம்பெனி என்றால், அசலைவிட ஒன்றரை மடங்கு எண் அச்சிட்டதைத் தள்ளிவிட்டு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கமும். இந்த லித்தியம் பேக்கை நீண்ட நாள் பீரோவில் வைக்கும்போது முழுக்க ஏற்றியோ, முழுக்கக் காலியாகவோ வைக்காமல் பாதி அளவில் வைக்க வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "அப்ப எல்830யே இன்னும் ரெண்டு வருசம் ஓடட்டும், அந்தப் பணத்துக்கு ஒரு டிரைபாட் வாங்கித் தரேன்" என்றார்.